கொருக்குப்பேட்டை கேட்டில் ஒரு கையெழுத்து

கேட் போட்டுட்டாங்க மேடம் என்று சொல்லி டிரைவர் சிக்கந்தர் எஞ்சினை அணைத்ததும் பெனடிக்டா தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்துக்கொண்டாள். யாருக்கும் தெரியாமல், மடியில் கிடந்த கல்யாண மாலைக்கு அடியில் கையை விட்டு. அடித்துக்கொண்டுதான் இருந்தது. கொஞ்சம் வேகமாக அடிக்கிறதோ? அறுபத்தொரு வயதில், இப்போதுதான் கழுத்தில் தாலி ஏறியவளுக்கு வேகமாக அடிக்காமல் வேறு என்ன செய்யும், அடிக்கட்டும், நிற்காமல் இருந்தால் சரி. இன்னும் கொஞ்ச நேரம், கர்த்தரே. ஒரு கையெழுத்து போடுகிற வரைக்கும். அப்புறம் உம்முடைய இஷ்டம். இல்லை, அப்புறமும் அவசரம் வேண்டாம், பிரியாணி இருக்கிறது, மண்டபத்தில் எல்லாரும் காத்துக்கொண்டிருக்கிறார்கள், ஆனாலும் முதலில் கையெழுத்து. வக்கீல் கமலவேணியம்மாவின் ஆபீஸ் போர்டு இங்கிருந்தே தெரிந்தது. தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், மருந்துக்கடைக்கு மேல் மாடி, நீலத்தில் வெள்ளை எழுத்து. எட்டித் தொட்டுவிடலாம் என்கிற தூரத்தில் இருந்துகொண்டு இப்படி வயிற்றெரிச்சலைக் கிளப்புகிறது. முன்சீட்டில் சிக்கந்தருக்குப் பக்கத்தில் கோட்டு சூட்டோடு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார் அவர். அவர் என்றால் இன்னாசி. நேற்று வரைக்கும் இன்னாசி சார். இன்றைக்கு என்ன சொல்லிக் கூப்பிடுவது? புருஷனாம். அந்த வார்த்தையை மனசுக்குள் சொன்னபோதே சிரிப்பு வந்தது. சிரிக்கும்போது நெஞ்சு அடைத்தால்? அப்படியும் போயிருக்கிறார்கள், அவள் வேலை பார்த்த பிஸ்கட் கம்பெனியில் ஒரு ஃபோர்மேன் சீட்டாட்டத்தில் ஜெயித்துச் சிரித்தபடியே போனார். பெனடிக்டா சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

செத்துப்போவதில் அவளுக்குப் பெரிய பயமில்லை. உயில் இல்லாமல் செத்துப்போவதில்தான் பயம். காலையில் படுக்கையை விட்டு எழுந்தபோது அவளிடம் உயில் இருந்தது, வீடு கூடவே வாழ்கிற சிநேகிதி சலேத்துக்கு என்று. பன்னிரண்டு வருஷமாக இரும்பு பீரோவில், பட்டுப் புடவைக்கு அடியில், ரிஜிஸ்தர் முத்திரையெல்லாம் குத்தி, பத்திரமாக. சாமியார் அவள் கையையும் இன்னாசியின் கையையும் சேர்த்துப் பிடித்து மந்திரித்த நிமிஷத்தில், பீரோ பூட்டியபடியே இருக்க, அது செல்லாக்காசாகிவிட்டது. நம்ம ஆளுங்களுக்கு அப்படித்தான் சட்டம், கல்யாணம் ஆனா அதுக்கு முந்தி எழுதின உயில் செத்துப்போச்சு என்று வந்து சொன்னவரே இன்னாசிதான். கோவிலில் முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை. இன்னார் இன்னாரைத் திருமணம் செய்ய இருக்கிறார்கள், தடை ஏதும் தெரிந்தவர்கள் தெரிவிக்கலாம் என்று சாமியார் வாசிக்கிறபோது பெஞ்சு பெஞ்சாகத் தலைகள் திரும்பின, சின்னப் பிள்ளைகள்கூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தன, அவளுக்குக் காது மடல் சுட்டது. அன்று சாயங்காலம் அவர் வீட்டுக்கு வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். முகம் சரியில்லை. மனசு மாறிவிட்டார் என்றுதான் அவள் நினைத்தாள். போகட்டும், மூன்று ஓலையில் ஒன்றுதானே ஆகியிருக்கிறது, மானம் மூன்றில் ரெண்டு பங்கு மிச்சம் என்று கணக்குக்கூடப் போட்டுவிட்டாள். அவரோ ரயில்வேயில் கூட வேலை பார்த்த ஒரு கார்டின் கதையைச் சொன்னார். அந்த மனுஷன் ரெண்டாம் கல்யாணம் செய்து, பழைய உயில் போய், பிள்ளைகள் அடித்துக்கொண்ட கதை. "உங்களுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா பாதி வீடு எனக்கு வந்துடுமாம். மீதி உங்க தம்பிக்கு. சலேத்துக்கு ஒரு செங்கல்கூட கெடையாதாம். வக்கீல கேட்டுட்டுதான் வர்றேன்." தனக்குப் பாதி வீடு வந்துவிடும் என்று சொல்லிக் கலங்கிப்போய் உட்கார்ந்திருந்த ஆம்பிளையை அவள் அதுவரைக்கும் பார்த்ததில்லை. அந்த நிமிஷம் வரைக்கும் அவரைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான். அதற்கப்புறம் நிலைமை கைமீறிவிட்டது.

முன்கூட்டியே புதுசாக எழுதி வைத்தால் ஆகாதா என்று வக்கீலம்மாவிடம் கேட்டுப் பார்த்தார்கள். ஆகாது, எதுவானாலும் தாலி கட்டின பிறகு போடற கையெழுத்துதான் நிக்கும், திங்கக்கிழமை நிதானமா வாங்களேன் என்றார். திங்கட்கிழமையா? சனி போய், ஞாயிறு போய், அத்தனை நேரம் சலேத்துக்கு வீடில்லாமல் விட்டுவிட்டுப் புதுப்பெண் தூங்குவாளா? கோவிலிலிருந்து மண்டபத்துக்குப் போகிற வழியில்தானே உங்க ஆபீஸ், டைப் அடிச்சு வைங்க, மாலையோட வந்து போட்டுட்டுப் போறோம் என்றாள். வக்கீலம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு டைரியில் சனிக்கிழமையைக் குறித்துக்கொண்டார். போட்ட திட்டத்தில் ஒரு குறையும் இல்லை, இந்த கேட்டைத் தவிர. தண்டையார்பேட்டையில் பிறந்து வளர்ந்தவளுக்குக் கொருக்குப்பேட்டை கேட் நினைவுக்கு வராமல் போயிற்றே, இதற்குப் பேர்தான் கல்யாண மயக்கம்.

"இன்னாடி உன் மூஞ்சி இப்பிடி இருக்குது, பாத்ரூம் வருதா?" என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சலேத். சலேத்தின் வாய் அப்படி. ரெண்டு பேரும் பிஸ்கட் கம்பெனியில் ஒரே நாளில் சேர்ந்தவர்கள், ஒரே பேக்கிங் பெஞ்சு, ஒரே வாடகை அறை, ரெண்டு பேருக்கும் கல்யாணம் ஆகவில்லை, ஆகவில்லை என்பதைப் பற்றி ரெண்டு பேரும் அலட்டிக்கொள்ளவும் இல்லை. தலைமுடியில், தலையணையில், பூசைக்குப் போட்டுப்போகிற முக்காட்டில், எங்கும் வெண்ணெயும் வெனிலாவும் மணக்கும். உடைந்த பிஸ்கட்டை மலிவாகக் கொடுப்பார்கள், அதை டீயில் போட்டுக் கரைத்து ராத்திரிச் சாப்பாடாகவே முடித்த நாட்கள் உண்டு. வீடு வாங்கியது ரெண்டு பேர் சம்பாத்தியத்தில். சொசைட்டியில் கடன் நிரந்தரத் தொழிலாளிக்குத்தான் கொடுப்பார்கள், சலேத் கடைசிவரை கான்ட்ராக்ட்தான், அதனால் பத்திரம் பெனடிக்டா பேரில். அவ்வளவுதான் விஷயம். மாடியில் மல்லிச்செடி வைத்தது சலேத், மோட்டார் ரிப்பேரானால் ஆளைக் கூட்டி வருவது சலேத், வெள்ளத்தில் பீரோவை மேஜை மேல் ஏற்றியது சலேத், ஆனால் சட்டத்துக்குச் சலேத் யாரோ ஒருத்தி. ராயப்பன்தான் உறவு. அந்தத் தம்பி ராயப்பன் கல்யாணத்துக்கு வரவில்லை. ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிகிறான், எங்க அக்காவுக்கு மூளை கொழம்பிடுச்சு, இந்த வயசுல மாலை கேக்குது என்று. சொன்னால் சொல்லிவிட்டுப் போகட்டும் என்றுதான் இருந்தாள், வக்கீலம்மா சொல்கிற வரைக்கும். சென்னை வீட்டுக்கு உயில் என்றால் பின்னால் ஐகோர்ட்டில் கொடுத்து புரொபேட் வாங்க வேண்டுமாம். இது உண்மையான உயில்தான் என்று கோர்ட் ஒப்புக்கொண்டு முத்திரை போட வேண்டுமாம். அப்போது ராயப்பன் வந்து நின்று, எழுதும்போது அவளுக்குப் புத்தி சரியில்லை என்று ஒரு மனு போட்டால் போதும், சலேத் கோர்ட் படி ஏறி ஏறியே தேய்ந்துபோவாள். அதற்காகத்தான் உயிலின் முதல் வரியிலேயே எழுதுகிறார்கள்: பூரண நினைவோடும் நல்ல மனநிலையோடும், எவருடைய தூண்டுதலும் இன்றி.

நல்ல மனநிலை. எனக்கு இப்போது நல்ல மனநிலையா என்று பெனடிக்டா தன்னையே சோதித்துப் பார்த்தாள். இன்று சனிக்கிழமை. இது கொருக்குப்பேட்டை. நான் பெனடிக்டா, சவரிமுத்து மகள். நாய்க்குச் சோறு வைத்தாயிற்று. கேஸ் அணைத்தாயிற்றா? அணைத்தாயிற்று. கட்டியிருப்பது சந்தன நிறப் பட்டு, வெள்ளை சின்னப் பொண்ணுங்களுக்குடீ என்று சலேத் எடுத்துக் கொடுத்தது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையிலிருந்து காரணமே இல்லாமல் சிரிப்பு முட்டுகிறதே, அது நல்ல மனநிலையில் சேர்த்தியா? கோவிலில் சாமியார் சம்மதமா என்று கேட்டு முடிப்பதற்குள் சம்மதம் என்றுவிட்டாள், பீடத்துப் பிள்ளைகளெல்லாம் சிரித்துவிட்டார்கள். இதை ராயப்பனின் வக்கீல் கேள்விப்பட்டால் அதையே பிடித்துக்கொள்வானோ? கனம் நீதிபதி அவர்களே, அன்று காலை இந்த அம்மாள் நடந்துகொண்ட விதத்தைப் பாருங்கள். பார்க்கட்டும். அப்படித்தான் நடந்துகொண்டாள். இத்தனை சந்தோஷத்தை வைத்துக்கொண்டு வேறு எப்படி நடந்துகொள்வது?

இன்னாசி பழக்கமானதே சாவு வீடுகளில்தான். பங்குக் கோவிலில் அடக்கத்துக்குப் பாடுகிற குழுவில் அவளும் சலேத்தும் வெகுநாளாக இருந்தார்கள். மனைவி போன மறு வருஷம், ரயில்வேயில் கூட்ஸ் கார்டாக ரிட்டையரான இன்னாசி வந்து சேர்ந்தார். அடித்தொண்டையில் ஒரு குரல், பெட்டியை இறக்கும்போது அந்தக் குரல் கீழே நின்று தாங்கிக்கொள்ளும், அதை நம்பி இவள் மேலே போகலாம். எத்தனையோ பேரைக் காசிமேட்டுக் கல்லறையில் ரெண்டு பேருமாகப் பாடி அனுப்பி வைத்திருக்கிறார்கள். ஒரு மழைநாள் அடக்கத்தில் அவர் தன் குடையைப் பிரித்து அவள் தலைக்கு மேல் பிடித்தார், தான் முழுக்க நனைந்தார், ஒரு சுருதி பிசகவில்லை. அன்றைக்கு இறந்த கிழவர் யார் என்று இப்போது நினைவில்லை, பாவம், அவர் ஆத்துமா இளைப்பாறட்டும், அவர் அன்று சாகாமல் இருந்திருந்தால் இன்று இந்தக் கார் இல்லை. அதற்கப்புறம் பங்கில் யாருக்காவது உடம்பு முடியவில்லை என்று கேள்விப்பட்டால் அவளுக்குள் ஒரு குறுகுறுப்பு, சீச்சீ என்று தன்னையே கடிந்துகொள்வாள், ஆனாலும் எந்தப் புடவை கட்டுவது என்று மனசு ஓடும். சலேத் கண்டுபிடித்துவிட்டாள். "சாவுக்கு யாராச்சும் பவுடர் போடுவாளாடி? உனக்கு வெக்கமா இருந்தா சொல்லு, நான் போயி கேக்குறேன்." நிஜமாகவே போய்க் கேட்டும்விட்டாள். கல்லறை வாசலில், செருப்பைத் தேடிக்கொண்டிருந்த மனுஷனிடம்.

உயிலில் உங்களுக்கு என்ன எழுதட்டும் என்று பெனடிக்டா கேட்டபோது அவர் ஒன்றும் வேண்டாம் என்றார். வற்புறுத்தினாள். அப்படின்னா உயிலை நிறைவேத்தி வைக்கிற அந்த எக்ஸிகியூட்டர் வேலையை மட்டும் எனக்குக் கொடுங்க, ஐகோர்ட்டுக்கு நான் அலையறேன், சலேத்துக்கு முழங்கால் வலி என்றார். நீங்க எனக்கு முந்திப் போயிட்டா? "அப்போ இன்னொரு கல்யாணம் பண்ணிட்டு மறுபடியும் உயில் எழுதுங்க, பழகிடும்." அதை அவர் சிரிக்காமல் சொன்னார்.

ஒரு கூட்ஸ் போயிற்று. பெட்ரோல் டேங்கர்கள், ஒன்றன் பின்னால் ஒன்றாக, கரியும் எண்ணெயும் வழிய. கடைசிப் பெட்டி போனதும் இன்னாசி தன்னையறியாமல் கையைத் தூக்கினார், பழைய பழக்கம். கேட் திறக்கவில்லை. பின்னால் ஹாரன்கள். பூ ஒட்டிய கல்யாணக் கார் என்று பார்க்காமல் லாரிக்காரன் ஒருத்தன் ஒட்டி நின்று அடித்தான். பெனடிக்டா சிக்கந்தரின் பிடரியைப் பார்த்தாள். சாட்சிக் கையெழுத்துக்கு ரெண்டு பேர் வேண்டும், வயசு குறைஞ்சவங்களா பாத்துக் கூட்டிட்டு வாங்க, நாளைக்குக் கோர்ட்ல வந்து நான் பாத்தேன்னு சொல்ல உயிரோட இருக்கணும் என்று வக்கீலம்மா சொல்லியிருந்தார். பழைய உயிலில் சாட்சி போட்ட ரெண்டு பேரையும் இவளே பாடி அனுப்பிவிட்டாள். அதனால் இந்த முறை கார் டிரைவர் ஒன்று, போட்டோ எடுக்க வந்த மோனிஷா ஒன்று. மோனிஷா சலேத்துக்கு அந்தப் பக்கம் கேமராவைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இன்னும் கல்யாணமாகாத பெண், நல்ல ரத்த ஓட்டமுள்ள முகம். அவளைப் பற்றிக் கவலையில்லை. சிக்கந்தர்தான் ரெண்டு தடவை இருமினான். "தம்பி, சிகரெட் பிடிப்பீங்களா?" "இல்ல மேடம்." "ராத்திரி வண்டி ஓட்டுவீங்களா?" "எப்பனாச்சும்." "ஓட்டாதீங்க." சிக்கந்தர் கண்ணாடியில் அவளை விசித்திரமாகப் பார்த்தான்.

"எறங்கி நடந்தா இன்னா?" என்றாள் சலேத். "பாரு, சனமே குனிஞ்சு குனிஞ்சு போவுது." "கேட் சாத்தியிருக்கறப்போ தாண்டக்கூடாது" என்றார் இன்னாசி, திரும்பிப் பார்க்காமல். அதை யாரும் மறுக்க முடியாது. ஒரு தடவை அவர் போன வண்டியில் இப்படிக் குனிந்து வந்த ஒருத்தன் மாட்டிக்கொண்டான், கடைசிப் பெட்டியான பிரேக் வேனிலிருந்து அத்தனை தூரம் நடந்துபோய் உடம்பின் மேல் வேட்டியைப் போர்த்தியவர் இவர்தான். அதற்கப்புறம் எந்த கேட்டிலும், ரயிலே வராவிட்டாலும், ராத்திரியானாலும் நிற்பார். அவர் நிற்பதைப் பார்த்து நாலு பேர் நிற்பார்கள். சரி, நிற்போம் என்று பெனடிக்டா கண்ணை மூடினாள். வெயில். மாலையின் சம்பங்கி வாடத் தொடங்கிய வாசனை. இடது தோளில் ஒரு வலி. இடது தோளா? இடதுதான். பிளவுஸ் இறுக்கமா, அல்லது அதுவா? அந்த வீட்டு மாடியில் நாளைக்கு ராயப்பன் நிற்பான், மல்லிச்செடித் தொட்டியைக் காலால் தள்ளிக்கொண்டு, சலேத் ஒரு தகரப் பெட்டியோடு தெருவில். பாதி இவருடையதுதானே, இவர் விடமாட்டார், விடமாட்டார்தான், ஆனால் இவரையும் சேர்த்துக் கோர்ட்டுக்கு இழுப்பான். அவள் கையைத் தோளுக்குக் கொண்டுபோனாள். கண்ணைத் திறந்தபோது கண்ணாடியில் அவர் இவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கதவு திறந்தது. கோட்டைக் கழற்றி சீட்டில் போட்டார். மாலையையும். காரைச் சுற்றி நடந்து, ரெண்டு ஆட்டோவுக்கு நடுவில் புகுந்து, கேட் கம்பி முன்னால் போய் ஒரு கணம் நின்றார். இடம் பார்த்தார், வலம் பார்த்தார். பிறகு அந்த நெடிய உடம்பை ரெண்டாக மடித்து, கம்பிக்கு அடியில் குனிந்தார். வாழ்நாள் முழுக்க எத்தனையோ பேரை எதற்காகத் திட்டினாரோ அதைச் செய்தார். தூரத்தில் எங்கோ ரயில் கூவியது. பெனடிக்டா தலையைக் கார் ஜன்னலுக்கு வெளியே நீட்டினாள், வாயிலிருந்து அதுவாகவே வந்தது. "ஏங்க." எந்த வார்த்தை சொல்லிக் கூப்பிடுவது என்று காலையிலிருந்து தேடிக்கொண்டிருந்தாளே, அது இப்படி ரயில்வே கேட்டில் வந்து விழுந்தது. அவர் திரும்பவில்லை. தண்டவாளம் ஒன்று, ரெண்டு, கல்லில் பளபளக்கும் புது ஷூ வழுக்கியது, சமாளித்தார், மூன்று. அவளுக்கு உயில் மறந்துவிட்டது. வீடு, ராயப்பன், இடது தோள், எல்லாம் மறந்துவிட்டது. கர்த்தரே, நான் எப்போது வேண்டுமானாலும் வருகிறேன், இவரை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். இப்படி ஒரு ஆளுக்காக அவள் எப்போதும் கேட்டதில்லை. இப்படிப் பயப்படவும் தெரியுமா எனக்கு, இத்தனை வருஷம் இது எங்கே இருந்தது? அவர் அந்தப் பக்கக் கம்பிக்கு அடியில் குனிந்து எழுந்தார். அதற்கும் வெகுநேரம் கழித்துத்தான் ரயில் வந்தது. மெதுவாக, பாதி காலியாக, ஊர்வலத்துக்கு வந்த மாதிரி போயிற்று. "மூச்ச விடுடீ" என்றாள் சலேத். சலேத்தின் கையும் ஜில்லென்றிருந்தது.

ரயில் போன பிறகும் கேட் திறக்கவில்லை, அவர்தான் திரும்பி வந்தார். பின்னால் வக்கீல் கமலவேணியம்மா, ஒரு கையில் ஃபைல், ஒரு கையில் புடவைக் கொசுவம், குனிந்து நிமிர்ந்து, முப்பது வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு கிளையண்ட பாத்ததில்ல என்று சொல்லிக்கொண்டே. இன்னாசிக்கு முட்டியெல்லாம் கிரீஸ். எங்கே போடுவது, காருக்குள் இடம் போதாது, எல்லாரும் எல்லாரையும் பார்க்க வேண்டும். அவங்க போடறத நீங்க ரெண்டு பேரும் பாக்கணும், நீங்க போடறத அவங்க பாக்கணும் என்றார் வக்கீலம்மா. சிக்கந்தர் பானெட்டில் ஒட்டியிருந்த ரோஜாக்களைப் பிய்த்து இடம் பண்ணினான். வெயிலில் தகரம் கொதித்தது. ஃபைலை அடியில் வைத்து, அதன் மேல் காகிதம். பெனடிக்டா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தாள். வரி வரியாக வாசித்தாள், ஹாரன்கள் அடித்துக்கொள்ளட்டும். இன்னாசியின் மனைவி பெனடிக்டா மேரி ஆகிய நான். முதல் முறையாக அச்சில். பூரண நினைவோடும் நல்ல மனநிலையோடும். என் ஆயுளுக்குப் பின் மேற்படி வீடு முழுவதும் என்னுடன் வாழ்ந்துவரும் சலேத் மேரிக்கு. அவள் பேனாவை வாங்கினாள். அப்போதுதான் சிரிப்பு முழுசாக வந்தது, அடக்க முடியவில்லை, அடக்கவும் இல்லை. சிரித்தபடியே போட்டாள். பக்கத்துக்குப் பக்கம் போட்டாள்.

போட்டு முடித்ததும் பேனாவைச் சலேத் வாங்கிக்கொண்டாள். கோவிலில், கல்யாண ரிஜிஸ்தரில் பெண்ணின் சாட்சியாக அவள்தான் போட்டிருந்தாள், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, பெரிய எழுத்தில். அதே நிமிர்வோடு இங்கேயும் பானெட் மேல் குனிந்துவிட்டாள். "இங்கதானே?" பேனா முனை காகிதத்தைத் தொடப் போனது. இன்னாசியின் கை வந்து பேனாவுக்கும் காகிதத்துக்கும் நடுவில் விழுந்தது, மை அவர் புறங்கையில் ஒரு கோடு கிழித்தது. வக்கீலம்மா வெளிறிப்போனார். "நீங்க போட்டா உங்களுக்கு எழுதினது செல்லாதும்மா. வாங்கறவங்க சாட்சி போடக்கூடாது." சலேத் பேனாவைக் கீழே வைத்தாள். "இது இன்னா சட்டம், இவளப் பத்தி என்ன விட்டா யாருக்குத் தெரியும்" என்றாள். பிஸ்கட் கம்பெனி மூடியபோதுகூட அழாதவள், வண்டிகளுக்கு நடுவில் நின்று முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பெனடிக்டா அவள் தோளைப் பிடித்து இழுத்துத் தன்மேல் சாய்த்துக்கொண்டாள்.

மோனிஷா கேமராவை முதுகுக்குத் தள்ளிவிட்டுப் போட்டாள். சிக்கந்தர் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் போட்டான், விலாசமும் எழுதினான். வக்கீலம்மா காகிதத்தை ஊதிக் காயவைத்தபடி மோனிஷாவைப் பார்த்தார். "நாளைக்கு ஒரு நாள் ஐகோர்ட்ல ஜட்ஜ் கேப்பார். இந்தம்மா நல்ல மனநிலையிலதான் போட்டாங்கன்னு உனக்கு எப்படித் தெரியும்னு. என்ன சொல்லுவே?" மோனிஷா கேமராவை முன்னால் இழுத்தாள். "சிரிச்சுக்கிட்டே போட்டாங்கன்னு சொல்லுவேன் மேடம். காலையிலேர்ந்து அவங்கள போட்டோ எடுக்கறேன், ஒண்ணுல கூட சிரிக்காம இல்ல." அது போதும் என்றார் வக்கீலம்மா.

கேட் திறந்தது. ஒரே நேரத்தில் எல்லா வண்டியும் கத்தின. முன்சீட்டில் ஏறப்போன இன்னாசியைச் சலேத் பிடித்துப் பின்னால் தள்ளினாள், பொண்டாட்டி பக்கத்துல போயி உக்காருங்க, பிரியாணி ஆறுது என்று தான் முன்னால் ஏறிக்கொண்டாள், வக்கீலம்மாவையும் சாப்பிடக் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டார்கள், இடித்துப் பிடித்து, மாலைகள் நசுங்க. கார் தண்டவாளத்தில் ஏறி இறங்கிக் குலுங்கியது. பெனடிக்டா வழக்கம்போல் மாலைக்கு அடியில் கையை விட்டாள், நாடி பார்க்க. அங்கே ஏற்கெனவே அவர் கை இருந்தது, புறங்கையில் மைக்கோட்டோடு. அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தாள். அது இவளுடையதைவிட வேகமாக அடித்துக்கொண்டிருந்தது.